முளைகட்டிய மாவும் கம்பி கட்டிய வாயும்

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கிற டைரி இது. வழக்கமாக ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் போய்ச் சேரும். இந்த வருடம் நான் எழுதப்போகிறேன். வீட்டில் பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறது, வாய் இல்லை.

என் வீட்டுக்காரர் கூடலிங்கம் சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் ஏலம் விடுகிறவர். விடிகாலையில் அவர் குரல் எடுத்தால் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வீட்டிலும் அதே குரல்தான். சட்னியில் உப்பு குறைந்தால்கூட மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் விடுவார். அந்த மனிதர் வெள்ளிக்கிழமை மண்டியில் வழுக்கி விழுந்து, எடைமேடையின் இரும்பு விளிம்பில் தாடை மோதி, இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஐந்து வாரம் வாய் திறக்கக் கூடாது.

வாழைத்தோல் வழுக்கி விழுவதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஏலக்காரரே விழுந்தால் ஊர் சிரிக்காதா? சிரிக்கிறது. ‘தோல் இல்ல, மட்டை’ என்று என் போனுக்கு மெசேஜ் அனுப்பித் திருத்துகிறார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

தேனியில் டாக்டர் சொல்லி அனுப்பியதை எழுதி வைக்கிறேன். “எல்லாமே தண்ணியாத்தான் உள்ள போகணும்மா. கடைசிப் பல்லுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு, ஸ்ட்ரா போகும். எடைய மட்டும் விட்றாதீங்க. அம்பது கிலோவுக்குக் கீழ எறங்குனா எலும்பு கூடுறது கஷ்டம். அப்பறம் அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய்தான் போடணும்.”

குழாய் என்றதும் இவர் முகம் செத்துப்போனது. என் மாமனாருக்குக் கடைசியாகப் போட்டது அந்தக் குழாய்தான். அதோடு போனவர் வீடு திரும்பவில்லை. ‘என்ன வேணா குடிக்கிறேன், குழாய் வேணாம்’ என்று டைப் அடித்து டாக்டரிடம் நீட்டினார். ஆள் ஏற்கெனவே ஒல்லி. ஐம்பத்து நாலு கிலோதான் மொத்தமே.

ஜனவரி 6, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. ஆகா, என்ன சுகம்!

ஜனவரி 8, புதன்

பாலும் பழரசமும் இரண்டே நாளில் வயிற்றைக் கலக்கிவிட்டன. பச்சை முட்டை என்று பேச்செடுத்தாலே குமட்டுகிறது. கஞ்சிதான் கதி.

கஞ்சி என்றால் லேசான விஷயம் என்று நினைத்தேன். தண்ணியாகக் காய்ச்சினால் இரண்டு டம்ளரில் வயிறு ரொம்பிவிடுகிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. மாவைக் கூட்டிப் போட்டுக் காய்ச்சினால் ஸ்ட்ராவில் ஏற மாட்டேன் என்கிறது. கன்னம் குழி விழ உறிஞ்சுகிறார், நரம்பு புடைக்கிறது, கஞ்சி பாதி ஸ்ட்ராவில் நிற்கிறது. அடைத்துக்கொண்டால் திருப்பி ஊதி, மறுபடி உறிஞ்சி, மறுபடி ஊதி... பார்க்கிற எனக்கு மூச்சு வாங்குகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சாயங்காலம் துணி மடிக்கும்போது நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குறுக்கே பேச ஆள் இல்லாததால் ஒரு கதை முழுசாக முடிந்தது. இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ஜனவரி 11, சனி

எடை பார்க்க மண்டிக்கே போனோம். வாழைத்தார் நிறுக்கிற அதே எடைமேடை. இவர் அதைப் பார்த்து முறைத்த முறைப்பு இருக்கிறதே! லோடு ஏற்றுகிற மொக்கச்சாமி, “அண்ணே, அது மேல கோவப்படாத, அதுதான் இன்னைக்கு ஒனக்குத் தீர்ப்புச் சொல்லப் போகுது” என்றான். இவர் ஏறி நின்றார்.

ஐம்பத்து இரண்டு.

“மதினி, மலைவாழைத் தாருகூட அண்ணனவிட எடை நிக்குமே!” என்று மொக்கச்சாமி சிரித்தான். நானும் சிரித்தேன். வரும் வழியில் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் நஸ்ரினுக்குப் போன் போட்டேன். “டீச்சர், கேழ்வரக முளைகட்டி, காய வெச்சு, அரைச்சு வெச்சுக்கங்க. கெட்டியாக் கஞ்சி காய்ச்சி அதுல ஒரு ஸ்பூன் போட்டீங்கன்னா தண்ணியா எளகிரும். மாவு அதேதான், சத்து அப்படியே இருக்கும்” என்றாள். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள் நான். கடையில் கேழ்வரகு வாங்கி ஊற வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

குளிருக்கு முளை வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாக இன்று காலை மூட்டையைப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாக வால் முளைத்திருக்கிறது. மொட்டைமாடியில் காயப்போட்டேன்.

பொங்கல் பொங்கியது. “பொங்கலோ பொங்கல்” என்று நான் ஒருத்தி மட்டும் சொன்னேன். சின்னச் சத்தமாக இருந்தது. அவர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தார், அதில் தெரு நாய்கள் எழுந்து ஓடின. சர்க்கரைப் பொங்கலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 16, வியாழன்

நோயாளிக்குப் போகிற மாவு. பச்சை வாசம் இருந்தால் வயிற்றுக்கு ஆகுமா? உளுந்தோ பயறோ, எங்கள் வீட்டில் வறுக்காத தானியம் மில்லுக்குப் போனதே கிடையாது. இரும்புச் சட்டியில் முளைக் கேழ்வரகைப் போட்டு, கைவிடாமல் கிளறி, தெருமுனை வரை வாசம் வரும்படி பொன்னாக வறுத்தேன். மில்லில் அரைத்து வாங்கியபோது பையைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. வாசத்துக்கே இரண்டு கிலோ ஏறிவிடுவார்.

ஜனவரி 17, வெள்ளி

கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அந்த மாவை ஒரு ஸ்பூன் போட்டேன். இளகவில்லை. இரண்டு ஸ்பூன். நன்றாகக் கொதிக்க விட்டேன். இளகுவதாவது! போஸ்டர் ஒட்டலாம் போல ஆகிவிட்டது.

நஸ்ரினுக்குப் போன் போட்டு, “என்னம்மா சொல்லிக் குடுத்த நீ? வாயத் தொறக்க முடியாத மனுசனுக்குப் பசையா காய்ச்சிக் குடுக்கச் சொல்ற?” என்று கத்திவிட்டேன். “இல்ல டீச்சர், வரணுமே...” என்று இழுத்தாள். வரணுமே! வந்தால் நான் ஏன் கத்துகிறேன்?

அவர் அந்தப் பசையையும் உறிஞ்சிப் பார்த்தார். எனக்காக. பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, டம்ளரைப் பிடுங்கி வைத்தேன்.

ஜனவரி 18, சனி

எடை ஐம்பத்து ஒன்று. மொக்கச்சாமி முள்ளைப் பார்த்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. தூக்கம் வரவில்லை, கொசு.

ஜனவரி 20, திங்கள்

நான் போட்ட லீவும் பொங்கல் லீவும் முடிந்து பள்ளி திறந்தாயிற்று. பகலில் அவர் தனியாக இருக்கிறார். ஆறிப்போன கஞ்சி அவருக்கு ஆகாது, அதனால் அவர் குடித்து மிச்சம் வைத்த டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிவைத்துவிட்டுப் போனேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும் என்று. சாயங்காலம் வந்து பார்த்தால் டம்ளரில் கஞ்சி தண்ணியாகக் கிடக்கிறது. அடுப்பில் உள்ள சட்டியில் அதே கஞ்சி கல்லுப் போல நிற்கிறது.

விஷயம் புரிந்துவிட்டது. குடிக்க முடியவில்லை என்று திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கியிருக்கிறார். எடை எப்படி நிற்கும்?

“தண்ணி ஊத்துனீங்களா?”

தலையை ஆட்டினார், இல்லை என்று.

“பொய் சொல்லாதீங்க. வாயைக் கட்டியும் பொய் வருதே!”

கையைத் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினார். என் தலையில்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று சோதனை வைத்தேன். அவர் குடித்து மிச்சம் வைத்ததை டம்ளரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. திரும்பி வந்து பார்த்தால் கெட்டியாக அப்படியே இருக்கிறது! கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் நீர்க்கவில்லை, எட்டுகிற இடத்தில் வைத்தால் நீர்த்துப்போகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

‘மலையாண்டி சாமி மேல சத்தியமா நான் ஊத்தல’ என்று மெசேஜ். ஹாலிலிருந்து சமையலறைக்கு. நான் பதில் அனுப்பவில்லை. பேசவும் இல்லை. ஆனால் பேசாமல் இருந்து கோபத்தைக் காட்ட வேண்டுமென்றால் எதிராளி பேச வேண்டும். இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் அது கோபமாகவே தெரியவில்லை, துக்கவீடு மாதிரி இருக்கிறது.

போனில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும்போது அவர் போன வருடம் ஏலம் விட்ட வீடியோ ஒன்று கிடந்தது. அழிக்கலாமா என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று தரம் பார்த்தேன். அழிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 22, புதன்

ஐயோ, என்னை நானே என்ன சொல்லித் திட்ட! எங்கிருந்து ஆரம்பிக்க!

இன்று செய்முறை வகுப்பு. உமிழ்நீரில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதை வெவ்வேறு வெப்பநிலையில் பார்க்கிற சோதனை. வருடா வருடம் நடத்துகிறதுதான். முதல் பிரச்சினை, சோதனைக் குழாயில் துப்ப ஒருத்தியும் முன்வர மாட்டாள். “டீச்சர், ஹர்ஷவர்தினிகிட்ட வாங்குங்க, அவ வாய்தான் சும்மாவே இருக்காது” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். அவளும் கோபித்துக்கொள்ளாமல் பெரிய மனதோடு துப்பினாள்.

ஒரு குழாய் ஐஸில். ஒன்று நம் உடம்புச் சூட்டில் இருக்கிற வெந்நீரில். இன்னொன்றில் உமிழ்நீரை முதலிலேயே கொதிக்க வைத்தாயிற்று. மூன்றிலும் கஞ்சித் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அயோடின் சொட்டு விட்டார்கள். மாவுச்சத்து இருந்தால் நீலமாகும், உடைந்துபோயிருந்தால் ஆகாது. வெந்நீர்க் குழாயில் இருந்தது டீத்தண்ணி நிறத்திலேயே நின்றது. மற்ற இரண்டும் நல்ல நீலம்.

“இப்ப அந்த ஐஸ் குழாய வெந்நீருக்கு மாத்துங்க” என்றேன். மாற்றினார்கள். சற்று நேரம் கழித்துச் சொட்டு விட்டால் அதுவும் நீலம் ஆகவில்லை. “குளிர்ல அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு, சூடு பட்டதும் முழிச்சு வேலைய ஆரம்பிச்சுருச்சு. சரி, கொதிக்க வெச்சத மாத்துங்க. ஏன் இன்னும் நீலமாவே இருக்கு?”

“செத்துப்போச்சு டீச்சர்!” என்று வகுப்பே கத்தியது.

“பரீட்சைல அப்படி எழுதாதீங்கடி. நொதிக்கு உயிர் கெடையாது. சூட்டுல அதோட உருவம் குலைஞ்சுபோச்சு, திரும்ப வராதுன்னு எழுதுங்க” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் அந்த வளைகோட்டைப் போட ஆரம்பித்தேன். சூடு ஏற ஏற வேலை ஏறும், ஓர் உச்சிக்குப் போகும், அதற்கு மேல் சூடு போனால் மளமளவென்று இறங்கும். கோடு உச்சிக்குப் போகிற இடத்தில் கை நின்றுவிட்டது.

வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்த டம்ளர். ஸ்ட்ரா அடைத்தால் திருப்பித் திருப்பி ஊதுகிறாரே, அதோடு எச்சில் கஞ்சிக்குள் போயிருக்கிறது! சூட்டில் இருந்த கஞ்சியை அது இளக்கிவிட்டது. ஃப்ரிட்ஜில் வைத்த கஞ்சியில் அதுவே தூங்கிவிட்டது. அவர் தண்ணீர் ஊற்றவே இல்லை.

இது போதாதென்று அடுத்தது உறைத்தது. முளைவிடுகிற தானியத்துக்குள்ளும் இதே அமைலேஸ்தானே இருக்கிறது! முளை தன் பசிக்கு மாவை உடைத்துத் தின்ன அதைத்தான் வைத்திருக்கிறது. பக்கம் எண்ணோடு எனக்குத் தெரியும். அதை எடுத்துத் தெருமுனை வரை மணக்க வறுத்து, மில்லில் இன்னொரு தரம் சூடாக்கி, கடைசியில் கொதிக்கிற கஞ்சியில் போட்டு வேறு கொதிக்க வைத்திருக்கிறேன். நஸ்ரின் வறுக்கச் சொன்னாளா? கொதிக்கும்போது போடச் சொன்னாளா? இரண்டும் சொல்லவில்லை. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

“டீச்சர், கோடு பாதில நிக்குது” என்றாள் ஹர்ஷவர்தினி. நான் வகுப்பில் அப்படிச் சத்தமாகச் சிரித்ததை அவர்கள் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அவரிடம், “நீங்க தண்ணி ஊத்தல. உங்க எச்சிதான் ஊத்துச்சு” என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். முழுசாக விளக்கினேன், ஐஸ் குழாய், கொதித்த குழாய் எல்லாம். மன்னிப்பும் கேட்டேன், தலையில் அடித்த சத்தியத்துக்கும் சேர்த்து. அவர் நெடுநேரம் டைப் அடித்தார். ‘அப்ப என் எச்சிக்கு இருக்க அறிவு டீச்சருக்கு இல்ல’ என்று வந்தது.

பேசாமலே இவ்வளவு வாய்!

ஜனவரி 25, சனி

புதுக் கேழ்வரகு மூட்டையில் முளைகட்டிக்கொண்டிருக்கிறது. பனி கொட்டுகிறது, முளை கிளம்பவில்லை. நேற்றிலிருந்து மூட்டையை அவரே வாங்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அடைக்கோழி மாதிரி. பாத்ரூம் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

எடை ஐம்பதும் கால் கிலோவும். அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். எடைமேடையில் இருந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டது, அத்தனை பேர் நிற்கிற மண்டியில். இருபத்து மூன்று வருடத்தில் இந்த மனிதர் அப்படிச் செய்ததே இல்லை. கடவுளே, எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் என்ன, பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

முளை வந்துவிட்டது! கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வீட்டுக்கு ஓடிவந்து காயப்போட்டேன். இந்தத் தரம் வெயிலில் மட்டும். இரும்புச் சட்டியைப் பரணில் தூக்கிப் போட்டாயிற்று, கண்ணில் பட்டால் கை பரபரக்கும்.

ஜனவரி 28, செவ்வாய்

வேரைத் தேய்த்து உதறிவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தேன், சூடாகிவிடக் கூடாது என்று. பச்சை வாசம் அடித்தது. என் பரம்பரையே வந்து திட்டியிருக்கும்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து தெர்மாமீட்டர் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நல்ல கெட்டியாக, ஸ்பூன் நட்டால் சாயாதபடி கஞ்சி காய்ச்சினேன். அரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் நெய். மூன்று டம்ளர். முதல் டம்ளரில் அந்த வறுத்த மாவு. இரண்டாவதில் புது மாவு, ஆனால் கஞ்சி தளபுளவென்று கொதிக்கும்போதே போட்டது. மூன்றாவது டம்ளரை ஆற விட்டேன். அவர் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு சூடு இறங்க இறங்க விரலை மடக்கிக் காட்டினார், மண்டியில் விலை இறக்குகிற மாதிரி. அறுபது டிகிரிக்கு வந்ததும் கையைத் தட்டினார். புது மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி கலக்கினேன். ஸ்பூன் லேசாகப் போகிற மாதிரி இருந்தது, மனப்பிராந்தி என்று நினைத்தேன். இன்னொரு சுற்று. கஞ்சி ஸ்பூனிலிருந்து வழிந்தது! கட்டியாக விழாமல், எண்ணெய் போல வழிந்தது! பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர்த்து, மோர் பதத்துக்கு வந்து நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. முதல் இரண்டு டம்ளரும் கல்லுப் பிள்ளையார்களாக அப்படியே உட்கார்ந்திருந்தன.

நான் சமையலறையில் குதித்தேன். வயது நாற்பத்தெட்டு, குதித்தேன். அவர் டம்ளரை இந்தக் கோணத்தில் சாய்த்துப் பார்க்கிறார், அந்தக் கோணத்தில் சாய்த்துப் பார்க்கிறார். பச்சை மாவு ஆயிற்றே என்று ஒரு கொதி மட்டும் விட்டு இறக்கினேன். இனி நொதி குலைந்தால் குலையட்டும், அது வேலையை முடித்துவிட்டது, உடைந்த மாவு மறுபடி ஒட்டாது. ஆற்றிக் கொடுத்தேன்.

ஒரே மூச்சு. ஸ்ட்ரா டம்ளர் அடியில் போய் உர்ர்ரென்று சத்தம் போட்டது. சின்னப் பிள்ளைகள் இளநீரில் அந்தச் சத்தம் போட்டால் அடிப்பேன். இன்று அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். டம்ளரை என்னிடம் நீட்டி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாம் தரம்.

ஜனவரி 29, புதன்

நாலு டம்ளர். அவ்வளவும் கெட்டிக் கஞ்சியாக இருந்து இளகியது.

பிப்ரவரி 1, சனி

டாக்டரிடம் போவதற்கு முன்னால் மண்டிக்குப் போனோம். செய்தி பரவியிருக்கிறது போல, சுமை இறக்கிய ஆட்கள்கூட எடைமேடையைச் சுற்றி நின்றார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முள்ளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அம்பத்தொண்ணர!” என்று மொக்கச்சாமி கத்தினான். “அண்ணன் ஏறிட்டாருய்யா! அம்பத்தொண்ணர ஒரு தரம்! அம்பத்தொண்ணர ரெண்டு தரம்! கேக்குறவுக கேக்கலாம்!”

“அம்பத்திரெண்டுன்னு போடுய்யா!” என்று ஒருத்தர்.

“யோவ், எங்க அண்ணன யாருக்கும் விக்கிறதா இல்ல. மதினி, நீங்களே எடுத்துக்கங்க!”

மண்டியே சிரித்தது. இவருக்குச் சிரிக்க முடியாது, தாடை வலிக்கும். தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணால் சிரித்து, தோள் குலுங்கக் குலுங்க நின்றார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த பிரியத்தை எப்படி எழுத என்று தெரியவில்லை.

டாக்டர், குழாய்ப் பேச்சே வேண்டாம், இப்படியே போங்கள் என்றார். நஸ்ரினைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “கத்துனதுக்கு மன்னிச்சிரும்மா. நீ சொன்னது சரி. வறுத்தது நானு” என்றேன். “வறுத்தீங்களா! டீச்சர், நீங்களா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். இனி எல்லோரிடமும் வறுக்காதீர்கள், கொதிக்கும்போது போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கோழிச்சாறு விட்டுக் கஞ்சி. பூண்டு தட்டிப் போட்டுக் கஞ்சி. பேரீச்சை அரைத்துவிட்டுக் கஞ்சி. மாவு உடைந்து சர்க்கரையாவதால் லேசாகத் தித்திக்கிறது, பூண்டுக் கஞ்சிக்கு அது ஒத்துவரவில்லை. தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விரலை விட்டால் சுள்ளென்று சுட்டு உடனே எடுக்க வைக்கிற சூடு, அதுதான் பதம்.

பிப்ரவரி 6, வியாழன்

காலேஜில் நான் ஈட்டி எறிந்த கதையை இன்று சொன்னேன். பல்கலைக்கழகப் போட்டிக்கு மதுரைக்குப் போனது, ஈட்டி போய் நடுவர் குடைக்குப் பக்கத்தில் குத்தி நின்றது, எல்லாம். கல்யாணமான நாளிலிருந்து சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நடுவில் இடம் கிடைக்கவில்லை. அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார். நான் நிறுத்திய இடத்தில் மெசேஜ் வந்தது: ‘அப்பறம்?’

பிப்ரவரி 8, சனி

ஐம்பத்து மூன்று. திங்கட்கிழமை கம்பியை எடுத்துவிடுகிறார்கள்.

எல்லோரும் ரொம்ப சந்தோஷமா என்கிறார்கள். சந்தோஷம்தான். இனிமேல் இந்த அமைதி கிடைக்காது, அந்த ஏலச் சத்தத்தில்தான் காலை விடியும், நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அது வழக்கம்தானே. புதுசாக என்ன?

பிப்ரவரி 10, திங்கள்

கம்பியை எடுத்துவிட்டார்கள்! எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது, பழகப் பழகச் சரியாகுமாம். டாக்டர், “எங்க, ஏதாச்சும் பேசுங்க பாப்போம்” என்றார். இவர் தொண்டையைச் செருமி, “எடுத்தாச்சா?” என்றார். ஐந்து வாரம் கழித்துக் கேட்ட முதல் வார்த்தை. கரகரவென்று வேறு யாரோ பேசியது போல இருந்தாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது சும்மா வந்தார். களைப்பு என்று விட்டுவிட்டேன். மத்தியானம் மண்டிக்காரர்கள் திரண்டு வந்தார்கள். “அண்ணே, ஒரு ஏலம் விடுண்ணே” என்று மொக்கச்சாமி கெஞ்சினான். “நாளைக்கு வாரேன்டா” என்பதோடு முடித்துக்கொண்டார். சாயங்காலம் குழைய வடித்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து வைத்தேன். மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாக, ராஜா மாதிரி சாப்பிட்டார். அப்போதும் பேச்சில்லை.

“வலிக்குதாங்க?”

“இல்ல.”

“பின்ன ஏன் பேசாம இருக்கீங்க? டாக்டருக்குப் போன் போடட்டா?”

“நீ பேசுவன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எனக்கு விளங்கவில்லை. “நானா?”

“நீதான். வாயக் கட்டிப் போட்டதுலருந்து நீதான பேசுன? துணி மடிக்கையில, கஞ்சி கிண்டையில... இம்புட்டு வருசம் எனக்குத் தெரியாதுடி, நீ இம்புட்டு நல்லாப் பேசுவன்னு. நான் வாயத் தொறந்தா நீ நிறுத்திருவியோன்னு பயமா இருக்கு. அதான் காலையிலருந்து மூடிக்கிட்டு இருக்கேன். பேசு ஜெயக்கொடி.”

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். ரசச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு, சுவரில் சாய்ந்து, கதை கேட்க வந்தவர் மாதிரி சம்மணம் போட்டுக்கொண்டார்.

“என்னத்தப் பேச?”

“எதையாச்சும்.”

இன்று செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளிப்பள்ளி வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடினாராம், அது ஐஸ் பெட்டிக்குள் இருந்ததாம். பிள்ளைகள் போனில் சொன்னார்கள். அதில் ஆரம்பித்தேன். அவர் “ம்” என்றார். அதிலிருந்து எங்கெங்கோ போய்விட்டது. என் அக்காள் கல்யாணம், நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளி, இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் உண்மையில் என்ன நினைத்தேன் என்பது வரை. அங்கே வந்ததும் நிறுத்தி, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு இதை எழுத வந்தேன்.

“ஏய், என்னா நெனச்ச? சொல்லிட்டுப் போ!” என்று ஹாலிலிருந்து கத்துகிறார். தெருவே கேட்டிருக்கும்.

போய்ச் சொல்கிறேன்.